இரும்பு மொய்

வாங்குகிறவன் தட்டைத் தாங்க வேண்டும், விற்கிறவன் தட்டை அமுக்க வேண்டும். பழைய இரும்புத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமன். எனக்கு அப்போது பதினாலு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். கைத்தராசைத் தூக்கிப் பிடிக்கும்போது, சாமான் கிடக்கும் தட்டின் விளிம்புக்கு அடியில் சுண்டுவிரல் போய் நிற்கும். "தூக்கிறாத மாப்ள, சும்மா முட்டுக் குடு" என்பார். மூணு கிலோவில் கால் கிலோ காணாமல் போய்விடும். எதிரில் நிற்பவர்கள் முள்ளைத்தான் பார்ப்பார்கள். விரலை யாரும் பார்ப்பதில்லை.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காகப் பழைய இரும்பு சேர்த்த கதையை இந்த விரலை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் இடைப்பட்ட செம்மண் பூமி எங்களுடையது. ஒரு ஊரில் எப்போது என்ன மாறியது என்று தெரிய வேண்டுமானால் காயலாங்கடைக்காரனைக் கேட்கலாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் கமலைச் சால் வந்துகொண்டிருந்தது. மாடு கட்டி இறைத்த இரும்புச் சால், வாலில் தோல் கிழிந்து தொங்கும். கிணற்றுக்கு மோட்டார் வந்ததும் சால் எங்களிடம் வந்தது. பிறகு வண்டிச் சக்கரத்துப் பட்டை, இருசு, கொழு. பிறகு ஆயில் என்ஜின். நிலத்தடி நீர் இறங்க இறங்க, ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய ஜிஐ பைப்பும் நீர்மூழ்கி மோட்டாரும் வர ஆரம்பித்தன. நடுவில் ஒரு வருடம் மட்டும் சைக்கிள் வரவே இல்லை. 1991-இல் அறிவொளி இயக்கம் வந்து, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளிலேயே போனார்கள். துருப்பிடித்த சட்டத்தைக்கூட எங்களிடம் போடாமல் பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். மாமனுக்கு அந்த வருடம் அறிவொளி மேல் பெரிய கோபம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. அன்று காலை நான் பார்த்ததை முழுக்க எழுதப் போவதில்லை. முப்பது வருடத்துத் தென்னை ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஊருக்கு ஊர் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றினார்கள். எங்கள் நடுநிலைப் பள்ளியில் சாப்பாட்டுக் கொட்டகையின் தகரம் பறந்து, பக்கத்துப் பலாமரத்தில் செருகி நின்றது. அந்தப் பலாமரமும் சாய்ந்துதான் நின்றது. வகுப்பில் நனைந்த பெஞ்சுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய், அடுத்த ஆனி மாதத்தில் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் தரையில் உட்கார்ந்திருந்தன.

புயலுக்கு முந்தைய காலமாக இருந்தால் இது பெரிய காரியமில்லை. எங்கள் மாவட்டத்தில் கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் பரவியிருந்தது. தாய்மாமன் சீர் கொண்டுபோவதுபோல ஊரே மேளதாளத்தோடு பள்ளிக்கூடத்துக்குத் தட்டு எடுத்துப் போகும். தட்டில் பழம், பின்னால் டிராக்டரில் பீரோ, நாற்காலி, ஃபேன், தண்ணீர்க் குடம். பணம் தேவைப்பட்டால் இருக்கவே இருக்கிறது மொய் விருந்து. ஆடி மாதத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் பஸ்ஸில் போனால் பந்தல் பந்தலாகத் தெரியும். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொய் நோட்டில் எழுதிவிட்டு வருவோம். நாளைக்கு நாம் வைக்கும்போது அது திரும்பி வரும். வட்டியில்லாக் கடன், சாட்சி ஊர் முழுக்க. ஆனால் 2019 ஆடியில் அந்த நோட்டுகளே மெலிந்திருந்தன. தேங்காய் விழுந்தால்தானே பணம் விழும்? பந்தல் போட்டவர்களே, வர வேண்டியதில் பாதி வரவில்லை என்று தலையில் கை வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு, அந்த உரிமையில் நானும் குழுவில் ஒருவன். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கொல்லை. வளைந்த தகரம், உடைந்த கேட், சைக்கிள் சட்டம், எரிந்துபோன மோட்டார். அடுத்த வீட்டிலும் அதேதான். ஊரில் காசில்லை, ஆனால் கொல்லைக்குக் கொல்லை இரும்பு கிடந்தது. புயல் பாதி கொண்டுவந்தது, மீதி முப்பது வருடமாக "எதுக்காவது ஆகும்" என்று போட்டு வைத்தது.

"டீச்சர், பணமாக் கேக்காதீங்க. இரும்பாக் கேப்போம்" என்றேன்.

குழுத் தலைவி அக்கா சிரித்துவிட்டார். "கடைக்கு ஆள் பிடிக்கிறியா?" என்றார். நியாயமான சந்தேகம். எல்லாச் சாமானும் என் கடைக்குத்தானே வரும். நான் கமிஷன் எடுக்க மாட்டேன் என்று சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எடையைப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் முன்னால் போடுவோம், நோட்டில் பிள்ளைகள்தான் எழுதும் என்ற பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

கூட்டத்தில் ஒருவர், பள்ளிக்கூடத்திலேயே ஒரு அறை நிறைய உடைந்த மேஜையும் பறந்த தகரமும் கிடக்கிறதே, அதை முதலில் போடலாமே என்றார். அது முடியாது. சர்க்கார் சாமானில் ஒரு ஆணியைக்கூட இஷ்டத்துக்கு விற்க முடியாது. பதிவேட்டில் ஏறியதை, பயன்படாது என்று அதிகாரி எழுதிக் கழித்து, பிறகு ஏலம் விட வேண்டும். ஏலப் பணமும் ஒன்றியத்துக் கணக்குக்குப் போகும், பெஞ்சுக்கு வராது. எத்தனையோ பள்ளிக்கூடங்களில் ஒரு அறை பூட்டியே கிடப்பதற்குக் காரணம் இதுதான். வேண்டுமென்றால் எட்டிப் பாருங்கள், மேஜைக் கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கும்.

அசாமில் குவாஹாத்திக்குப் பக்கத்தில் அக்ஷர் என்ற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கட்டணத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குப்பை கொண்டுவருகிறார்கள் என்று தலைமையாசிரியை அன்று சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இரும்பைப் பிள்ளைகள் கையில் விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். துருவும் வெட்டுக்காயமும் மட்டும் இதற்குக் காரணமில்லை. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்ததை எங்கள் தொழிலில் யாரும் மறக்கவில்லை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் வருடக்கணக்கில் சும்மா கிடந்த கருவி ஒன்று ஏலத்தில் பழைய சாமானோடு போனது. கடைக்காரர்கள் அதைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. கதிர்வீச்சில் ஒருவர் செத்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எங்கள் ஊரில் கோபால்ட் இருக்காதுதான். ஆனால் பாதி கேஸ் இருக்கும் சிலிண்டரும், அமிலம் ஒழுகும் பேட்டரியும் இருக்கும்.

அதனால் வீட்டுப் பெரியவர்கள் கொண்டுவர வேண்டும், பிள்ளைகள் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. முதல் ஞாயிற்றுக்கிழமையே அது உடைந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் பளபளவென்று தேய்ந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் அப்பா, "டேய், வரப்பு வெட்டப் போறேன்டா, குடுறா" என்று கத்திக்கொண்டே வந்தார். ஒரு பெண்பிள்ளை தோசைக்கல்லை எடுத்து வந்துவிட்டது, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் காயவில்லை. இன்னொருவன் கறுப்பாக, நுரைத்துக் கெட்டியான கல் ஒன்றைக் கொண்டுவந்து, "கல்லுதான், ஆனா கனக்குது" என்றான். காந்தத்தை வைத்தேன். லேசாக இழுத்தது. அது இரும்புக் கசடு. எங்கள் மாவட்டத்தில் பொற்பனைக்கோட்டையில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய தடயங்கள் இருக்கின்றன. பிறகு 2021-லும் 2023-லும் அங்கே அகழாய்வு நடந்தது. அவன் கொண்டுவந்த கல் எந்தக் காலத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒரு கொல்லன் பட்டறைக் கசடாகவும் இருக்கலாம். விலை கிடையாது என்றதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. டீச்சர் அதை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

எடை போடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு சுண்டுவிரலுக்கு வேலை போய்விட்டது. வருடத்துக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும், நான் ஒழுங்காக வைத்துவிடுவேன். ஆனால் விரல் போன இடத்துக்குக் 'கழிவு' வந்திருந்தது. துரு, மண், பெயின்ட் என்று சொல்லி நூற்றுக்கு அஞ்சு கழிப்போம். அதில் பாதிதான் உண்மையான மண். பள்ளிக்கூட வாசலில் முதல் மூட்டையைத் தராசில் வைத்து, 23 கிலோ 400 என்று எண் வந்ததும், பழக்கத்தில் என் வாய் "இருபத்திரெண்டு" என்றது. நோட்டு எழுதிக்கொண்டிருந்தது என் மகள். தலையைத் தூக்கித் தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருபத்திமூணு நானூறுப்பா" என்றாள். அதற்குப் பிறகு தராசைப் படிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். பிள்ளைகளே படித்தார்கள்.

நோட்டு அசல் மொய் நோட்டு. பெயர், ஊர்த் தெரு, தொகை என்று கோடு போட்டது. தொகை இருக்கும் இடத்தில் எடை. "இரும்பு மொய்" என்று யாரோ அட்டையில் எழுத, அதுவே பெயராகிவிட்டது. ஆறு ஞாயிறு நடந்தது.

பணம் பிரிப்பதில் இருக்கிறது. இது தெரியாமல்தான் ஊரில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். எரிந்த மோட்டாரை அப்படியே போட்டால் இரும்பு விலை. உளியால் வெட்டி உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை உருவினால், அந்த வருடத்து விலையில் ஒரு கிலோ செம்பு பதினேழு கிலோ இரும்புக்குச் சமம். பம்பின் உள்விசிறி சிலவற்றில் வெண்கலம் இருக்கும், மேலே பாசி படிந்திருந்தால் தெரியாது, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். எவர்சில்வரில் காந்தம் ஒட்டுவது ஒரு விலை, ஒட்டாதது ஒரு விலை. வார்ப்பிரும்பைத் தட்டினால் மொத்தென்று சத்தம் வரும், ஓங்கி அடித்தால் உடையும். உருக்கு ஓசை கொடுக்கும், வளையும். இரவில் என் கடையில் உட்கார்ந்து நானும் இரண்டு பையன்களும் பிரித்தோம். வயரை எரிக்கவில்லை. எரித்தால் அரை மணியில் முடிகிற வேலை, ஒரு காலத்தில் கண்மாய்க் கரையில் எரித்திருக்கிறேன், அந்தக் கரும்புகை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. பிளேடால் கீறி உரித்தோம். பேட்டரிகளைத் திறக்காமல், அதற்கென்று திரும்ப வாங்குகிற பேட்டரிக் கடைக்கே அனுப்பினோம்.

மூணாவது ஞாயிறு, இளவட்டம் ஒருத்தன் டிவிஎஸ் எக்ஸெல்லில் அலுமினியக் கம்பிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். முறுக்கிய கம்பி, நடுவில் ஒற்றை எஃகு இழை. பார்த்த உடனே தெரியும், கரண்டு கம்பி. புயலில் அறுந்து வயலில் கிடந்தது.

"பள்ளிக்கூடத்துக்குத்தானேண்ணே" என்றான்.

முப்பது கிலோ இருக்கும். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். எட்டு மாதமாகக் கிடந்ததை மின்வாரியமே எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பியை வாங்கியவன் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், காயலாங்கடை என்றாலே ஸ்டேஷனில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பெயரும் சேர்ந்து போகும். எடுத்துப் போகச் சொன்னேன். அவன் முறைத்துக்கொண்டு போனவன் அதை வேறு எங்கே போட்டானோ, நான் விசாரிக்கவில்லை.

அடுத்த வாரம் அம்பலகாரத் தெரு அப்பத்தா ஒருவர் பித்தளைச் செம்பும் ஒரு சுருக்குப் பையும் கொண்டுவந்தார். பையைத் தட்டில் கொட்டினால் பச்சைக் களிம்பு பிடித்த சின்னச் சின்னச் செம்புத் துண்டுகள். ஒன்றை எடுத்துப் புளி வைத்துத் தேய்த்தேன். ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருந்தாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய. அம்மன் காசு. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தபோது ஓடிய காசு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அதன் ஓட்டமும் நின்றது. மொத்தம் பதினொன்று இருந்தன. எடைக்குப் போட்டால் பத்துப் பதினைந்து ரூபாய் வந்தால் அதிகம்.

"ஆத்தா, இது அரண்மனைக் காசு. எடைக்குப் போடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"சீருன்னு குடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்றியா அப்பு? எங்க மாமியா கொசவத்துல முடிஞ்சு வச்சிருந்தது. எனக்கு அப்புறம் இதை யாரு பாக்கப் போறா?"

அவரிடம் வாதாட முடியாது. திருக்கோகர்ணத்தில் 1910-இலிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே இந்தக் காசு இருக்கும், நம் பிள்ளைகள் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று டீச்சர் கேட்டார். ஒருவரும் பார்த்ததில்லை. கண்ணாடி மூடிய சின்னப் பெட்டியில் போட்டு, அந்தக் கசடுக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆறு வாரம் முடிந்து லாரியில் ஏற்றி, டவுனில் ஒரு மொத்த வியாபாரியிடம் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். எங்கள் நோட்டுப்படி இரும்பு 2,740 கிலோ. அவருடைய எடை மேடையில் 2,610 காட்டியது. அது போக நூற்றுக்கு மூணு கழிவு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பது வருடமாக நான் ஊருக்குச் செய்ததை எனக்கு ஒருவர் செய்கிறார். மாமன் இருந்தால், "வாங்குறவன் தாங்குறான் மாப்ள" என்றிருப்பார். மொய் நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, ஒவ்வொரு வீட்டு எடையும் இதில் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகள் எழுதியது, நான் திரும்பிப் போய் அவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் நோட்டைப் புரட்டினார். அறுபத்தஞ்சாம் பக்கம் வரை பிள்ளைகள் கையெழுத்து. வெளியே ரைஸ் மில் எடை மேடையில் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். அங்கே 2,740-தான் வந்தது. கழிவையும் விட்டுவிட்டார்.

கணக்கு இது: இரும்பு கிலோ 22 ரூபாய் வீதம் 60,280. அலுமினியம் 61 கிலோ, 5,490. செம்பு 38 கிலோ, 14,440. பித்தளையும் வெண்கலமும் சேர்த்து 54 கிலோ, 15,120. பேட்டரிக்கு 3,900. மொத்தம் 99,230 ரூபாய். எடையில் இருபதில் ஒரு பங்கு செம்பும் பித்தளையும் அலுமினியமும், பணத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒரு லட்சத்துக்கு 770 ரூபாய் குறைகிறதே, நான் போட்டு முழுசாக்கிவிடுகிறேன் என்றேன். தலைவி அக்கா, "நோட்டுல இல்லாத காசு எதுக்கு? உள்ளது உள்ளபடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். 99,230 அப்படியே குழுவின் வங்கிக் கணக்குக்குப் போனது. இன்றைக்கு இதைச் செய்தால் ரசீது போடுவதே பெரிய வேலை. 2024 அக்டோபர் 10-லிருந்து, ஜிஎஸ்டி பதிவில்லாத ஆளிடம் பழைய உலோகம் வாங்கினால் பதிவுள்ள கடைக்காரனே 18 சதவீத வரியைக் கட்ட வேண்டும்.

பெஞ்சு செய்ய எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரரிடம் போனோம். இரும்பை 22-க்கு விற்றுவிட்டுப் புது இரும்பை அதைப்போல மூணு மடங்கு கொடுத்து வாங்குவது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதை எதிர்பார்த்து, ஆழ்துளைக் கிணற்றில் இருந்து வந்த ஜிஐ பைப்பில் நல்லதாக 170 கிலோவை விற்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன். பெஞ்சுக் காலுக்கு அதைவிடக் கெட்டி எது? பட்டறைக்காரர் முகத்தைச் சுளித்தார். ஜிஐ பைப்பில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை கிளம்பும், இரவு குளிர்க் காய்ச்சல் அடிக்கும். இணைப்பு வரும் இடங்களில் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில், காற்று வாக்குப் பார்த்து வேலை செய்தார். அப்படியும் இரண்டு நாள் படுத்தார். பால் குடித்தால் சரியாகும் என்று அவர் நம்பிக்கை, அதனால் பள்ளிக்கூடச் செலவுக் கணக்கில் பால் 2 லிட்டர் என்று ஒரு வரி இருக்கிறது. 24 ஜோடி பெஞ்சு, டெஸ்க். மீதியில் ஃபேன் ஆறு, ஒரு பீரோ. எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை மேளத்தோடு சீராகப் போயின. மாமனின் பழைய கைத்தராசையும் ஒரு தட்டில் வைத்து நான் எடுத்துப் போனேன். நெம்புகோல் பாடத்துக்கு ஆகும் என்று டீச்சர் வாங்கிக்கொண்டார். விரல் வைக்கும் வித்தையையும் ஒருநாள் வகுப்பில் செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். பின்வரிசைப் பையன் ஒருவன் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டான்.

அந்த டீச்சர் மாறுதலாகிப் போய்விட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. மொய் என்றால் திருப்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதனால் டீக்கடையில் இப்போதும் யாராவது, "என்னப்பா, எங்க வீட்டு நாப்பது கிலோவை எப்பத் திருப்பப் போற?" என்று கேலி பண்ணுவார்கள். பக்கத்தைப் புரட்டி, நாப்பது இல்லை, முப்பத்தெட்டு எழுநூறு என்று காட்டுவேன். போன மாதம் அப்பத்தாவின் பேரன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான், தன் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன். என் மகள் எழுத்தில் இப்படி இருந்தது: பித்தளைச் செம்பு 1, எடை 640 கிராம். காசு 11, எடை போடவில்லை.